மே விடுமுறை வரைக்கும்தான்

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று நான் நெருப்பு பற்ற வைத்தேன்! அறிவியல் கூடத்தில், புன்சன் அடுப்பில். எனக்கு முன்னால் போன இரண்டு பெண்கள் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகும்போதே கத்திவிட்டு ஓடினார்கள். வீட்டில் விறகடுப்பு மூட்டுகிறவள் நான், எனக்கென்ன? டப் என்று பிடித்துக்கொண்டது. காற்றுத் துளையைத் திருப்பியதும் மஞ்சள் நெருப்பு நீலமாகி, சீறி, நேராக நின்றது. வகுப்பே "ஓ" என்றது.

வீட்டில் சொல்லவில்லை. அதற்குத்தான் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கும் இந்த நோட்டு.

எங்கள் வீட்டில் நோட்டுக்கு மறைவு கிடையாது. யார் எழுதியதையும் யாரும் எடுத்துப் படிக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரம் எழுதியதில் ஒன்றை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும். போன வருடம் வரை நான் பள்ளிக்கே போனதில்லை. அம்மாதான் டீச்சர், சமையலறை மேசைதான் வகுப்பு. தம்பி பவித்ரனுக்கும் தங்கை தினேஸ்வரிக்கும் இன்னும் அப்படித்தான். தம்பிக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. நான்தான் அடம்பிடித்து, கோப்பெங் இடைநிலைப் பள்ளியில், படிவம் ஒன்றில் சேர்ந்தேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "மே லீவு வரைக்கும்தான். போய்ப் பாரு. அப்புறம் முடிவு பண்ணலாம்."

பள்ளியில் பயமாக இருந்தது என்றால், "அப்ப வீட்டுலயே இருந்துக்கலாம்லா" என்பார். சந்தோஷமாக இருந்தது என்றால் ஒன்றும் பேசாமல் கீரை ஆய்வார். அது இன்னும் மோசம். அதனால் எது கேட்டாலும் "ஓகேம்மா". ஏழு வாரமாக "ஓகேம்மா".

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நீல நெருப்பை நினைத்தால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மணி அடித்ததும் பாதி வாக்கியத்திலேயே எல்லோரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மீதி வாக்கியம் என்ன ஆவது?

ஏப்ரல் 13, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் பாடம் உண்டு. புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டால் பாடம் கிடையாது. இதைப் பள்ளியில் யாரிடமாவது சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இன்று வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினோம். இந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் எல்லாம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. தோட்டத்து ஆட்களின் பழைய வரிசை வீடுகளில் இன்னும் ஆள் இருப்பது எங்களோடு சேர்த்து ஐந்து வீடுதான். மற்ற நாலு வீட்டுக்கும் கிழங்கைப் பங்கு போடுவது பவித்ரனுக்குக் கணக்கு. பதினெட்டுக் கிழங்கு, நாலு வீடு.

"அம்மா, முடிச்சிட்டேன்! நாலு நாலு, மிச்சம் ரெண்டு."

"யாருக்குச் சொல்லிக் குடுத்த?"

"இன்னும் இல்ல."

"அப்ப முடிக்கல."

இதுதான் வீட்டுச் சட்டம். நான் பவித்ரனுக்கு, பவித்ரன் தினேவுக்கு. அவன் தரையில் கோடு போட்டு, "அழாதலா தினே, கேளு, இது கருப்பம்மாள் அத்தை வீடு, இது பிச்சைமுத்து மாமா வீடு" என்று அரை மணி நேரம் விளக்கினான். தினேவுக்குப் பிடிபட்டதும், தனக்குக் கீழே ஆள் இல்லாததால் வாத்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள்.

"வாத்து தலையாட்டுச்சா?" என்று அம்மா கேட்டார்.

"ரெண்டு தடவ!"

"சரி, பாஸ்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இங்கே இருக்கும்போது பள்ளி மறந்துபோகிறது. அங்கே இருக்கும்போது இது மறந்துபோகிறது. இரண்டும் எனக்கு வேண்டும். அப்படி ஆசைப்படுவது தப்பா?

ஏப்ரல் 22, செவ்வாய்

ஷாஹிஸ்தா! என் பக்கத்து மேசை. அவளுடைய அத்தா கோப்பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவள் எல்லா ஆசிரியர் மாதிரியும் நடந்து காட்டுவாள். வலைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். அவளுக்குக் கணக்குதான் வராது. இந்தத் தவணை கணக்கில் தோற்றால் வலைப்பந்தை நிறுத்திவிட்டு ஈப்போவில் டியூஷன் சேர்த்துவிடுவதாக அத்தா சொல்லியிருக்கிறாராம்.

இன்று கண்டீனில் திடீரென்று கேட்டாள்.

"ஏய் புனிதா, நீ எந்த ஸ்கூல்லேர்ந்து வந்த?"

"பத்து காஜா டவுன் பக்கம்."

"பக்கம்னா? ஸ்கூலுக்குப் பேரு கீரு இல்லையா?"

"சின்ன ஸ்கூல்."

"எத்தன பேரு?"

"மூணு பேரு."

அவள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "உனக்குப் பேச வராதுன்னு நெனச்சேன்லா!" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். முதல் தோழி! முதல் தோழியிடம் முதல் பொய். இல்லை, மூன்று பேர் என்பது உண்மைதானே?

மே 5, திங்கள்

நாளை மறுநாள் கணக்குத் தேர்வு. என் வாழ்க்கையில் முதல் தேர்வு. எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பயமும் இருக்கிறது, ஆனால் திருவிழாவுக்குப் போகிற மாதிரியும் இருக்கிறது! மண்டபத்தில் நூற்று ஐம்பது மேசை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். தேர்வில் என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்க முடியாது. கேட்டால் தெரிந்துவிடும். பேசக் கூடாது, பார்த்து எழுதக் கூடாது. இந்த இரண்டும் எனக்குத் தெரியும். போதும்.

மே 7, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தது. இருபது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டேன். வலது பக்கம் ஷாஹிஸ்தா. ஒன்பதாம் கேள்வி, பின்னம். பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்ததைப் பார்த்தேன்.

நான் முடித்துவிட்டேன். பக்கத்தில் ஒருத்திக்குத் தெரியவில்லை. என் கை தானாகப் போனது. நான் பேசவில்லை. விடையை எழுதவில்லை, சத்தியமாக எழுதவில்லை. அவள் தாளின் ஓரத்தில் ஒரு ரொட்டி வரைந்து எட்டுத் துண்டாகக் கோடு போட்டேன். அவ்வளவுதான். அவள் முகம் மலர்ந்தது. புரிந்துவிட்டது! அந்த ஒரு விநாடி எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

பிறகு என் தோளில் ஒரு கை. கட்டொழுங்கு ஆசிரியர் நஸீரா; பள்ளியில் மரியாதையாகப் 'புவான் நஸீரா'. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டார். மண்டபமே திரும்பிப் பார்க்க, இருவரும் வெளியே வந்தோம். இருவருக்கும் சைபர். பெற்றோருக்குக் கடிதம்.

"நான் முடிச்சிட்டேன் டீச்சர், அதனாலதான்" என்று மலாயில் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் முகம் சிவந்துபோனது.

நடைபாதையில் ஷாஹிஸ்தா கத்தினாள். "உன்ன யாருலா கேட்டா? நானா கேட்டேன்?"

"நீ அழுதியே..."

"அழுதா அழுவேன்! அது என் கண்ணு!"

ஐயோ, அவ வலைப்பந்து போச்சு. என்னாலதான். கடுதாசிய அம்மாகிட்ட எப்படிக் குடுப்பேன்? குடுத்தா முடிஞ்சுது. மே லீவு வரைக்கும்கூட இல்ல. நாளைக்கே நிறுத்திடுவாங்க. என்ன செய்வேன்—

மே 8, வியாழன்

ஷாஹிஸ்தா மேசையை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடிதம் அகராதிக்குள் இருக்கிறது.

மே 9, வெள்ளி

கொடுத்துவிட்டேன்! இல்லை, படித்துவிட்டேன்.

இன்று வெள்ளி. பவித்ரன் தான் எழுதிய 'முள்ளம்பன்றியின் ஒரு நாள்' படித்தான். தினே இரண்டு வரி படித்தாள். "அடுத்து அக்கா" என்றார் அப்பா. நான் மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் கால் அறைக்குப் போய், அகராதியிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "தேர்வின்போது நேர்மையின்மை" என்ற இடத்தை அவசரமாகத் தாண்டப் பார்த்தேன்.

"நேர்மையின்மைன்னா?" என்றான் பவித்ரன்.

"ஏமாத்துறது" என்றார் அப்பா.

"அக்கா யார ஏமாத்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அம்மா கடிதத்தை வாங்கி மடிப்புப் பார்த்து மடித்தார். "வீட்டுலயே இருந்துக்கலாம்" இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புள்ள பேரு என்ன?"

மே 13, செவ்வாய்

திங்கள் விசாக தினம், பள்ளி இல்லை. அதனால் இன்று.

அம்மா புவான் நஸீராவைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்தார். முன்னால் தினே, பின்னால் பவித்ரன். அலுவலக வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். அங்கே யாரும் கழற்றுவதில்லை. பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். கட்டை விரல் வாரில் நுழைய இரண்டு மூன்று தடவை ஆனது. அம்மா படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவர் என்று தெரியும். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் என்றால் பயமா? எனக்குத் தெரியவே தெரியாது!

புவான் நஸீரா முதலில் மலாயில் தொடங்கினார். அம்மா பாதியில் தடுமாறியதும், "உக்காருங்கக்கா, தமிழ்லயே பேசலாம்" என்றார். அவர் தமிழ் பேசுவதை இன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறேன்.

"ஒங்க மகளுக்குக் கணக்கு நல்லா வருது. அப்புறம் ஏன் இப்படி?"

"இது எங்க தப்பு டீச்சர். மூணு பேரையும் வீட்டுல வச்சுத்தான் படிக்க வச்சேன். பர்மிஷன் வாங்கித்தான். முடிச்சவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு பழக்கிட்டேன். பரீட்சைல கூடாதுன்னு நான் சொல்லல. நானே பரீட்சை எழுதி எத்தன வருசம் ஆச்சு."

புவான் நஸீரா என்னைப் பார்த்தார். "இத ஏன் நீ அன்னிக்குச் சொல்லல?"

"சிரிப்பாங்கன்னு" என்றேன்.

அப்போது அம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்து, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "என் மகளுக்கு முட்டை போட்டுக்குங்க. அது அவ கை செஞ்ச வேல, அவ வாங்கிக்கட்டும். அந்த ஷாஹிஸ்தா புள்ள ஒண்ணும் கேக்கல. அதுக்கு மட்டும் திரும்ப எழுதக் குடுங்க டீச்சர்."

"டீச்சர்" என்று தினே இடையில் புகுந்தாள். "ஒங்க ஃபேன்ல மூணு எல. ரெண்டு ஃபேன்னா எத்தன?"

"நீயே சொல்லு."

"ஆறு! தெரியலன்னா சொல்லுங்க, நான் சொல்லித் தாரேன்."

புவான் நஸீரா பேனாவை வாயில் வைத்து மறைத்துக்கொண்டார். ஆனால் சிரித்தார். ஷாஹிஸ்தாவுக்கு வியாழக்கிழமை புதுத் தாள். என் சைபர் சைபர்தான்.

வெளியே வந்ததும் அம்மாவின் வாயையே பார்த்தேன். இப்போது சொல்வார். மோட்டார் அருகே போய்ச் சொல்வார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்டீன் எங்க இருக்கு? தினேவுக்குப் பசிக்குதாம்" என்றார்.

ஓய்வு நேரம். பள்ளியே பார்க்க, நாங்கள் நாலு பேரும் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

மே 16, வெள்ளி

ஷாஹிஸ்தா 52! தேறிவிட்டாள்! தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையையும் இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் போட்டாள்.

"ஏய் முட்டை."

"என்ன?"

"ஒன் தங்கச்சி கண்டீன்ல எங்கிட்ட வந்து, அவ வாத்துக்குக் கணக்கு சொல்லித் தரான்னு சொல்லுச்சு. நெஜமா?"

"நெஜம்."

"அப்ப மூணு பேரு ஸ்கூலும் நெஜம்?"

தலையாட்டினேன். சிரிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"படுபாவி! இத்தன நாளா சொல்லல பாரு. நான் சனிக்கெழம வரலாமா? வாத்துக்கு அடுத்த எடம் எனக்கு."

இன்று மாலை வீட்டில், "ஸ்கூல் எப்படி?" என்று அப்பா கேட்டபோது "ஓகே" என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புன்சன் அடுப்பு, காலையில் எல்லோரும் வரிசையாக நிற்கும் சபைகூடல், ஷாஹிஸ்தா நடந்து காட்டும் நடை, எல்லாம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் நீல நெருப்பைச் சொன்னபோது, "எப்படி நீலமாச்சு?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.

முடிவைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. விடுமுறைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

மே 24, சனி

இன்று பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். அழைப்புக் கடிதத்தைப் போன வாரமே குளிர்பெட்டி மேல் வைத்திருந்தேன். அம்மா பார்த்தாரா என்றுகூடத் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் மோட்டாரும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மதியம்தான் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சத்தம்.

"பொம்பளப் புள்ளைங்க டாய்லெட்ல ஒரு கதவுக்குக்கூடத் தாழ்ப்பா இல்ல! அன்னிக்குத் தினே போனப்ப நான்தான கதவப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கையத் தூக்கிக் கேட்டுட்டேன்."

"நீயா?" என்றார் அப்பா. "மைக்லயா?"

"மைக் எதுக்கு? எனக்கு வாய் இல்லையா? மலாய்லயே கேட்டேன். கொஞ்சம் தப்பாத்தான் வந்திருக்கும். ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுது. பின்னாடி நாலு அம்மாமாருங்க கை தட்டுறாங்க."

பவித்ரனும் கை தட்டினான். அம்மா ஒரு குவளைத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சமையலுக்கு வெங்காயம் எடுக்கச் சொல்கிற குரலில் சொன்னார்.

"ஆகஸ்ட்ல ஸ்கூல்ல கோத்தோங்-ரோயோங் வச்சிருக்காங்களாம். எல்லாரும் சேர்ந்து கூட்டிக் கழுவணும். நம்ம ரெண்டு பேர் பேரும் குடுத்துட்டேன். அப்புறம் அன்னிக்கு நெட்பால் கிட்பால்னு ஓடிடாத."

"சரிம்மா" என்றேன்.

ஆகஸ்ட்!