மெதுவாக விழும் துணி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகளும் சௌகரியம். நீ வேலை பார்க்கும் ஊரில் குளிர் குறைந்ததா? நான் அனுப்பிய கம்பளியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. அவளைப் பாட்டு வகுப்பிலிருந்து நிறுத்தி, எதிலும் கொஞ்சம் பிந்தும் அவளைப் போன்ற பிள்ளைகள் மட்டும் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்துவிடலாம், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தாய். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், தாளம் அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் இவள் கை இரண்டும் ஒன்று சேரும்.

போன மாதம் பாட்டு டீச்சர் நம் துணிக்கடைக்கு வந்தார். பாட்டோடு சேர்த்து மேலே வீசி விளையாடப் பிள்ளைகளுக்குத் துண்டுத் துணிகள் வேண்டும் என்றார். நம் பிள்ளை வகுப்பாயிற்றே என்று, இருப்பதிலேயே கெட்டியான ரகத்தை ஓரம் அடித்துக் கொடுத்தேன். மறுநாளே மூட்டையோடு வந்து நின்றார். அண்ணே, உங்கள் துணி ரொம்ப உசத்தி, அதுதான் தொல்லை, போன வேகத்தில் தொப்பென்று விழுகிறது என்றார். துணி நன்றாயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்த ஆளை இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை.

ஏணியில் ஏறி நின்று ஒவ்வொரு ரகமாகக் கீழே விட்டுப் பார்த்தேன். முதலாளிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊதினால் பறக்கும் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஷிஃபான்தான் தேறியது. விழ மனசே இல்லாமல் விழுந்தது அது.

சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் வைத்திருக்கும் முறை இதுதான்: ஒரு பிள்ளை துணியை மேலே விடவேண்டும். அது தரையைத் தொடும்வரை எல்லாரும் ஒரே சுரத்தை இழுக்கவேண்டும். தொட்டதும் சேர்ந்து ஒரு தட்டு.

நம்மவள் முறை வந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். நீலத் துணி ஜன்னல் வெளிச்சத்தில் ஏறி, கொஞ்சம் நின்று யோசித்து, தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. சுரமோ இறங்காமல் அதோடு மிதந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. இவள் கைகள் அப்போதே புறப்பட்டுவிட்டன. வர நேரம் இருந்தது, வந்தன. துணி தரையைத் தொட, இருபது பிள்ளைகளோடு இவளும் தட்டினாள். அடுத்த முறை பக்கத்துப் பிள்ளை முன்னாலேயே தட்டிவிட, பொறுடி அவசரக்குடுக்கை என்று அதட்டியது யார் தெரியுமா? உன் மகள்!

துணி ஒன்றும் மந்திரம் இல்லை. மறுநாள் வீட்டில் தட்டச் சொன்னேன், பழையபடி பிந்தித்தான் தட்டினாள். ஆனால் அந்தப் பாட்டு வகுப்பில் அவளுக்காகக் காத்திருந்த ஒருவர் முகமும் கோணவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அண்ணனுக்கு எதற்குப் பாரம் என்று வேறு எழுதியிருந்தாய். கடையிலிருந்து வந்தால் ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு கதை சொல்கிறாள். சாப்பிட்டு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் படுப்பேன்.

விடுப்புக் கேட்டு வந்து ஒரே ஒரு சனிக்கிழமை பார், அம்மா. பார்த்த பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்றால், நானே கொண்டுபோய் விடுகிறேன். இதை அவளுக்காகக் கேட்கிறேனா, எனக்காகவா என்று மட்டும் கேட்டுவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்கவேண்டும்.

உன் அண்ணன்