குரங்கின் மேல் போட்ட பழி

2025 மார்ச் 4, செவ்வாய்

தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராகிப் பதினொரு வருஷம். இன்றுதான் முதல்முறையாக ஒரு குரங்கைப் பற்றி அறிக்கை அடித்தேன். ஏழாம் நம்பர் மலையில் குரங்கு தாவி, மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜீவராணி அக்கா குளவி கொட்டத் தப்பி ஓடி, தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

தோட்ட மனேஜர் துரை சொல்லச் சொல்ல அடித்தேன்: "கூட்டைக் கலைத்தது குரங்கு. கையை முறித்தது கான். நிர்வாகம் பொறுப்பல்ல." அந்தக் கானை வெட்டியதும் நிர்வாகம்தானே? கேட்கவில்லை. எனக்கெதற்கு வம்பு.

மார்ச் 5

என் மேசை லாச்சியில் ஒரு கடிதம் இருக்கிறது. பெப்ரவரி 10ஆம் திகதி அக்கா கொடுத்தது: ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு, அகற்றித் தரவும். கிடைத்தது என்று சீல் குத்தியவன் நான். அன்றே துரையிடம் காட்டினேன். "பிறகு பார்ப்போம்" என்றார். நானும் உள்ளே போட்டு மறந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பிஸ்கட்டோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். முகம் இன்னும் வீங்கியிருக்கிறது. நிர்வாகம் பொறுப்பு என்று தீர்ந்தால்தான் நஷ்டஈடு. இல்லாவிட்டால் கை ஆறும்வரை அந்த வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டம். கடிதத்துக்கு நகல் இருக்கிறதா என்று நைசாகக் கேட்டேன்.

"நகலு எதுக்குங்க? நீங்கதான் சீல் குத்தி உள்ள வச்சிருக்கீங்கல்ல, கிளாக்கரய்யா?"

வெட்கமாகப் போய்விட்டது.

மார்ச் 10

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அக்காவிடம் கொடுக்கவும் இல்லை. லாச்சியைப் பூட்டினேன். வீரன்!

மார்ச் 17

நாளை பதுளையில், தொழில் அதிகாரி முன்னால் நஷ்டஈட்டு விசாரணை. "பழைய கடுதாசியெல்லாம் கிளறிக்கிட்டு நிக்காதீங்க" என்றார் துரை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும் — என்னடா செய்யப்போறே?

மார்ச் 18

துரை அரைமணி நேரம் குரங்கைத் திட்டினார். "இடையில குரங்கு வந்ததுக்கு நாங்க என்ன செய்றது?"

அக்கா எழுந்தார். "குரங்கு மரத்துல தாவாம, நம்மளப் போல காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கா வரும்? என்னைக்காவது ஏதாவது ஒண்ணு கூட்டுல படும்னுதானே எடுக்கச் சொன்னேன்?"

அதிகாரி சிரித்துவிட்டு, "சொன்னதுக்கு ஆதாரம்?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நான் எடுத்துக் கொடுப்பேன் என்று அப்படியொரு நம்பிக்கை. பைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. துரை பார்த்த பார்வைக்கு, குளவி தேவலை.

மே 20

தீர்ப்பு வந்துவிட்டது. குரங்கு வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே, நிர்வாகம்தான் பொறுப்பு. நஷ்டஈடு உண்டு.

துரை எனக்குப் புதுவேலை கொடுத்திருக்கிறார்: மலை மலையாக ஏறிக் குளவிக்கூடு தேடுவது. இன்று ஏழாம் நம்பரில் அண்ணாந்து பார்த்தபடி போனேன். கட்டுப் பிரித்த கையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா சத்தம் போட்டார்.

"கிளாக்கரய்யா, கீழ பாத்துப் போங்க. கான் இருக்கு!"

இந்தத் தடவை சீல் குத்தி உள்ளே போடாமல், உடனே நின்றேன்.