ஆட்டுக்குட்டிப் படம்

பொன்னமராவதி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ராணி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் ரூமில் நாலு பேர் இருக்கிறார்கள் என்கிறீர்கள். நானும் போனை அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன். நாகராசு அண்ணன் புதன்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறார். ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று புதுக்கோட்டைக்குப் போய்ப் படம் பார்த்தேன். ஒரு குடும்பம் சட்டி பானையோடு லாரியில் ஏறி ஊர் மாறிப் போகிறது, கூடவே ஓர் ஆட்டுக்குட்டி. சின்னப் பிள்ளைகள் படம்தான். தனியாகப் போனால் யார் என்ன நினைப்பார்களோ என்று, பக்கத்து வீட்டு ரம்யாவிடம் கேட்டு அவள் மகள் காவ்யாவை அழைத்துப் போனேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள், என்னைப் பெரியம்மா என்பாள். ரம்யா கொஞ்சம் யோசித்துத்தான் அனுப்பினாள்.

ஆட்டுக்குட்டி தலையை நீட்டும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரித்தது வேறு இடத்தில். அந்த அப்பா, பெண்டாட்டிக்குத் தெரியாமல் இறங்கிப் போய் பஜ்ஜி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பசியே இல்லை என்கிறார். அப்படியே நீங்கள்தான்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இடைவேளையில் பாப்கார்ன் விற்ற அம்மா, "பாப்பா அச்சு அசல் ஒங்களாட்டமே இருக்கு" என்றது. மறுத்துச் சொல்ல மனசு வரவில்லை மாமா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் எல்லாரும் ஒரே பாயில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். எனக்கு அழுகை நிற்கவே இல்லை. நல்லாத்தானே முடிஞ்சுச்சு, ஏன் பெரியம்மா அழுகுறீங்க என்று கேட்டாள் காவ்யா.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் தலை கிளிப் என் பையில் கிடந்தது. கொடுக்கப் போனேன். உள்ளே ரம்யா பிள்ளையை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், பெற்றவள் செய்வதுதான். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள் அல்லவா? எனக்கு ஓர் இருமலாவது வந்துவிடாதா என்று வாசலிலேயே நின்றேன். மூச்சை இழுத்துக்கூடப் பார்த்தேன். வரவில்லை. "பாருங்க, கமறவே இல்ல. அம்புட்டுக் கண்ணு" என்று அவள் வீட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. கிளிப்பைக் கதவில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நான் கண் வைத்தேனா மாமா? ஆசைப்பட்டேன், அது நிஜம். இனி அவளை என்னோடு அனுப்பமாட்டார்கள்.

திருச்சி டாக்டரம்மா கையை விரித்த பிறகு நீங்களும் மாறிவிட்டீர்கள். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறீர்கள், என்னிடம் சொல்லவில்லை. ஊருக்கு வந்து யாரைப் பார்க்கப் போறேன் என்றீர்களாம். அத்தை அதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

கோயில் கோயிலாக வேண்டி ஓய்ந்துபோனேன். இப்போது உங்களிடம் வேண்டுகிறேன், நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாமலே. எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாக இருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள் மாமா. இந்த வீட்டில் நான் இருக்கிறேன்.

உங்கள்
செல்வராணி