தலையாட்டாத வீடு

என் அருமை வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால்தான் பதில் கொஞ்சம் நீளும். நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதில் குளிர்காற்று படாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அண்ணன் புது வேலையில் சேர்ந்துவிட்டான், மேலதிகாரி சிடுமூஞ்சியாம், தினமும் வந்து புலம்புகிறான், அண்ணி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறாள், கெட்டிக்காரி. எனக்குக் கச்சேரி அரங்கத்து வாத்தியக்காரர்களின் கறுப்புக் கோட்டுத் தையல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக வந்த டிரம்பெட்காரருக்குத் தொப்பை மாதாமாதம் வளர்கிறது, பிரித்துப் பிரித்துத் தைத்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மூச்சை வாத்தியத்துக்குள்ள விடுங்க சார், கோட்டுக்குள்ள விடாதீங்க என்று சொல்லியே விட்டேன்.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போனிலும் இப்படித்தான் பேசினேன். நீ எழுதின புது இசையை ஒத்திகையில் பதிவு பண்ணி அனுப்பிவிட்டு, எப்படிம்மா இருக்கு என்று ஆசையாகக் கேட்டாய், நான் மழையைப் பற்றியும் ஒழுகுகிற குழாயைப் பற்றியும் பேசினேன், நீ சரிம்மா, வைக்கிறேன் என்றாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து போனே இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் ஊசியைக் குத்தின இடத்திலேயே விட்டுவிட்டு ஓடுகிறேன், எடுத்தால் கோட்டு ரெடியா என்று யாராவது கேட்கிறார்கள்.

நம் வீட்டு வழக்கத்தை உனக்கு நான் சொல்லவா வேண்டும். எந்த இசையைக் கேட்டாலும் முடிந்ததும் ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும், பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினால் உன் அப்பாவுக்குப் பொல்லாத கோபம் வரும். காது போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தாரே அந்தக் காலத்து மேல்நாட்டு இசைமேதை, செவிட்டு மாமா என்று நாம் பேர் வைத்தவர், அவர் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் கடைசிக் காலத்தில் அவர் நாலு வாத்தியத்துக்கு எழுதினது எதுவும் எனக்கு ஒட்டவே இல்லை. அப்பா அதைக் கேட்டுக் கண் கலங்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பேன். எனக்குப் பிடிக்கலைங்க என்று சொன்னால், சந்தோஷம், உண்மையைச் சொன்னியே, அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார் என்று சிரிப்பார். தாடிக்கார மாமா என்று நாம் சொல்லும் இன்னொரு மேதையின் அந்த நீளமான இசையில் எனக்குக் கொட்டாவி வருவதையும் சொல்லியிருக்கிறேன். என்றோ செத்துப்போன அவர்களைப் பற்றிச் சொல்ல முடிந்தது, பெற்ற பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

உன்னுடையதை முதலில் கேட்டபோது எனக்குப் பாட்டுப் பெட்டியின் மேல்தான் சந்தேகம். அடியில் டபுள் பேஸ், அந்த ஆளுயரத் தந்தி வாத்தியம், ஒரே சுரத்தை இழுக்கிறது, நிற்கிறது, இனி வராது என்று நினைக்கும்போது மறுபடி இழுக்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று பெட்டியை ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திறந்து துடைத்து, வேறொரு பெட்டியிலும் போட்டுக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லம்மா, கோளாறு பாட்டுலதான் என்றார். இது யார் எழுதினது தெரியுமா உங்களுக்கு என்று அந்த மனுஷரோடு மல்லுக்கு நின்றேன். தெருவுக்கு வந்த பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது, நானும் அதைத்தானே நினைத்தேன்.

பிறகு துணி வெட்டும்போதெல்லாம் போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்கப் பிடித்துவிடும் என்பார்கள், எனக்குப் பெட்டியை நிறுத்தத்தான் கை போனது. ஒரு நாள் கோட்டின் உள்துணியை வெட்டிக்கொண்டிருந்தேன், அந்தச் சுரம் நின்றது, என் கத்திரியும் நின்றது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் உன் அப்பா மூச்சு விட்ட விதம் அது. அவர் ஆயுசு முழுக்க வாசித்த வாத்தியத்துக்கே அதைக் கொடுத்திருக்கிறாய். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், அடுத்தது வருமா வருமா என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம். பாவி மகளே, அத்தனையையும் கேட்டு உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை நாள் இருந்தாய்.

அதனால் தலையாட்டாமல் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. நீ தப்பாக எழுதினாய் என்று சொல்ல மாட்டேன், இருந்ததை இருந்தபடியே எழுதியிருக்கிறாய், என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதை மேடையில் வாசிக்கப்போகிற கச்சேரிக்குக் கட்டாயம் வருவேன், அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டான். முதல் வரிசை மட்டும் வேண்டாம், கதவோரமாக ஒரு இடம் பார்த்து வை. நடுவில் எழுந்து போனால் அம்மா போய்விட்டாள் என்று கலங்காதே, வெளியே கொஞ்சம் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

இன்னொன்று இருக்கிறது. உன் இசையில் அந்தச் சுரம் நின்றதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது, உனக்கு அப்படித்தான் தெரியும், நீ நர்ஸைக் கூப்பிட ஓடினாய். நீ கதவைத் தாண்டிய பிறகு இன்னொரு மூச்சு வந்தது, சின்னதாக, சிரமமே இல்லாமல். அதை நான் மட்டும்தான் கேட்டேன். ஓடாமல் இருந்திருக்கலாமே என்று நீ வருந்துவாய், அதற்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தேன். சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம், எழுதுகிறவள் நீ.

உன் கையும் காதும் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும், அப்பாவின் ஆசி உன்னோடு இருக்கும். வெளியே போகும்போது காதுக்குப் பஞ்சு வைக்க மறக்காதே. எனக்குப் போன் பண்ணு. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே, சும்மா பிடித்துக்கொண்டிரு, நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

இப்படிக்கு,
பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டவள்,
உன் அம்மா