ஒன்பது வாரம் அச்சான ஒரு வரி

ஜூன் 4, செவ்வாய்

போதகர் கூப்பிட்டிருந்தார். இந்த மாதம் முழுக்கப் பிரசங்கத் தொடராம்: வேதாகமத்தின் உண்மையுள்ள ஆசாரியர்கள், உண்மையற்ற ஆசாரியர்கள். ஞாயிறு தாளில் பெரிய எழுத்தில் வர வேண்டும். முப்பத்தெட்டு வருடம் நிருபராக ஓடியவன், ஓய்வுக்குப் பிறகு இரண்டு பக்கத் தாளில் சபை அறிவிப்புகளைத் தட்டச்சு செய்கிறேன். சபையில் பதவி, மூப்பர். பட்டம், எடிட்டர் ஐயா.

தொடருக்காகப் புது அங்கி தைக்கக் கொடுத்திருக்கிறார். வேதாகமத்தின் முதல் பிரதான ஆசாரியர் ஆரோனின் அங்கியில் இருந்ததுபோல் கீழ் ஓரம் முழுக்க மணிகள்.

"எத்தனை மணி?" என்று கேட்டேன். தொழில் விட்டும் புத்தி விடவில்லை.

"இருபத்திநாலு. தையல்காரர் முப்பத்தாறு வைக்கலாம்னார். நான்தான் தாழ்மையா இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

ஜூன் 9, ஞாயிறு

முதல் பிரசங்கம். ஆசாரியர் ஏலியின் மகன்கள் ஓப்னி, பினெகாஸ். ஜனங்கள் பலி செலுத்த வந்தால், கொழுப்பு தகனமாகும் முன்பே மூன்று கூருள்ள முட்கரண்டியை விட்டு இறைச்சியை எடுத்துக்கொண்ட ஆசாரியர்கள். போதகர் கையை முட்கரண்டியாக்கி மூன்று முறை குத்திக் காட்டினார். குத்தும்போதெல்லாம் இருபத்திநான்கு மணிகளும் ஆமோதித்தன.

ஆராதனை முடிந்து கூடத்தில் பொதுச் சாப்பாடு. முதல் தட்டு போதகருக்கு. பரிமாறுகிறவர் கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை விட்டு, நல்ல துண்டாகத் தேடித்தேடி எடுத்தார். என் மனைவி முழங்கையால் இடித்தாள். "பாத்தீங்களா?" பார்த்தேன். கரண்டிக்குக் கூர் இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

மைக் செட்காரருக்காக ஜெபம் நடந்தது. ஏப்ரலில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கை. இருபத்தாறு வருடம் சபையின் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவர். ஒரு வாரம்கூட விடாமல் ஜெபிக்கிறோம்.

ஜூன் 11, செவ்வாய்

மைக் செட்காரரின் மகள் போன் செய்தாள். அடுத்த செவ்வாய் காலை அப்பாவைத் தன் ஊருக்கே கூட்டிப்போகிறாளாம். "திரும்பி வர முடியும்னு டாக்டர் சொல்லல அங்கிள். அப்பா உங்களைப் பாக்கணும்னாரு."

போனேன். சபைக்குப் பின்னால் இரண்டே தெரு. அவர் விழுந்த பிறகு நான் இதுதான் முதல் தடவை போகிறேன். ஜன்னலோரக் கட்டில், நெஞ்சின்மேல் கைப்பேசி. ஆராதனையை அதில்தான் நேரலையாகக் கேட்கிறார்.

"வாங்க பேப்பர்காரரே. செய்தி பழசானப்புறம் வர்றீங்க."

"போதகர் கடைசியா எப்ப வந்தார்?"

"எங்க வந்தார்? போன்லதான் வர்றார். எனக்காக நல்லா ஜெபம் பண்றார், தெளிவா கேக்குது. ஆனா இந்த வாரம் என்னமோ கலகலன்னு சத்தம், ஆமென் அமுங்கிப்போச்சு. மைக்கை இன்னும் ரெண்டு விரல் மேல குத்தச் சொல்லுங்க."

பிறகு குரலை இறக்கினார். "போறதுக்கு முன்னாடி திருவிருந்து வாங்கணும். இருபத்தாறு வருஷம், எல்லாரும் வாங்கி முடிச்சப்புறம் கடைசியா வாங்கினவன் நான், மைக்கை விட்டுட்டு வர முடியாதே. இப்ப அந்தக் கடைசி இடமும் போச்சு."

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. ரெண்டு தெரு! ஒன்பது வாரம்! மேடையில ஓப்னியைத் திட்டுறார், கண்ணாடியைப் பாக்க மாட்டாரா? மணி கட்டத் தெரியுது, கால் நடக்கத் தெரியாதா? நாளைக்குக் கேட்டுவிடுகிறேன்.

ஜூன் 12, புதன்

கேட்டேன். போதகர் நாற்காலிமேல் நின்றிருந்தார். தையல்காரர் மண்டியிட்டு, கழன்ற மணியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

போதகருக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "என்ன சொல்றீங்க எடிட்டர் ஐயா? மூப்பர்கள் போறீங்கன்னுதானே நினைச்சேன்!" மேசையிலிருந்த ஞாயிறு தாளைக் காட்டினார். 'மைக் செட் சகோதரரை மூப்பர்கள் வாரந்தோறும் வீட்டில் சந்தித்து ஜெபித்து வருகிறார்கள்.'

என் வரி. ஏப்ரல் பதினான்காம் தேதி நான் எழுதியது. 'போகலாம்னு இருக்கோம்' என்று ஒரு மூப்பர் படிக்கட்டில் சொன்னதை, போனதாகவே போட்டேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போன வாரத்துக் கோப்பைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், பாட்டு எண்களை மாற்றுவேன். வரி அப்படியே நின்றது. அதைப் படித்து, மற்றவர்கள் போகிறார்கள் என்று ஒவ்வொரு மூப்பரும் நம்பினார். போதகரும் நம்பினார். எழுதிய நான்? போதகர் போகிறார் என்று நம்பினேன்.

"செவ்வாய் காலையில கிளம்பிடுவார் ஐயா. திருவிருந்து கேக்கறார்."

"ஞாயிறு வரைக்கும் பிரசங்க ஆயத்தம். திங்கள் எனக்கு ஓய்வு. செவ்வாய்…" யோசித்தார். "கர்த்தர் ஒரு வழி காட்டுவார்."

தையல்காரர் வாயில் ஊசியோடு என்னை ஒருமுறை பார்த்தார்.

ஜூன் 13, வியாழன்

இந்தக் கதையில் ஓப்னி யார், பினெகாஸ் யார் என்றே இத்தனை நாளும் தேடினேன். அவர்களுடைய அப்பா ஏலியைத் தேடவில்லை. ஆலய வாசல் நிலையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்தவர். எல்லாம் தெரியும், எழுந்திருக்க மாட்டார். பிள்ளையில்லாத அன்னாள் மனம் உடைந்து ஜெபிக்கிறாள், அவர் உதட்டசைவைப் பார்த்தே குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. என் பழைய பத்திரிகை ஆசிரியராக இருந்தால் அப்படிப்பட்ட நிருபரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஜூன் 14, வெள்ளி

"திருத்தம் போடுங்க" என்றாள் மனைவி. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்கு அது அவ்வளவு சாதாரணம்.

பத்திரிகையில் திருத்தத்தை உள்பக்க மூலையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவோம். இங்கே அது முடியாது. போதகர் தாளை மேடையிலிருந்து முதல் எழுத்து முதல் கடைசிவரை உரக்க வாசிப்பார். முன்கூட்டிப் படிக்கும் வழக்கம் இல்லை. அவருக்குக் காட்டாமல் போட்டால் அது நேர்மையா, பழிவாங்கலா?

ஜூன் 15, சனி

காட்டினேன். "ஐயா, அறிவிப்புல ஒரு திருத்தம் இருக்கு, அவசியம் படிச்சுப் பாருங்க." தாளை வாங்கித் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். "உங்க கையால வந்தா சரியாத்தான் இருக்கும்."

அதுதான் சிக்கல் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கனவே பிரசங்கத்தை ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைக்கு உண்மையுள்ள ஆசாரியரின் முறை. வாதையில் ஜனங்கள் விழுந்துகொண்டிருந்தபோது கிழவரான ஆரோன் தூபகலசத்தோடு ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவில் நின்ற கதை. "ஓடினார்!" என்று போதகர் இரண்டடி ஓடிக் காட்டினார். நல்ல சத்தம்.

பிறகு அறிவிப்புகள். பெண்கள் கூட்டம், ஜன்னல் கண்ணாடி மாற்றுவது. அதே குரலில் மேலே வாசித்தார்: "திருத்தம். மைக் செட் சகோதரரை மூப்பர்கள் வாரந்தோறும் சந்திப்பதாக இத்தாளில் ஒன்பது வாரமாக வந்த செய்தி தவறு. யாரும் போகவில்லை. முதலில் போகாதவர் இத்தாளின் ஆசிரியர். அடுத்து மற்ற மூப்பர்கள் நால்வர். அடுத்து போத…"

மணிகள் நின்றன.

மீதியை மெதுவாக வாசித்தார். "அடுத்து போதகர். சகோதரர் செவ்வாய் காலை ஊரைவிட்டுப் போகிறார். திருவிருந்து கேட்டிருக்கிறார்."

தாளை மடித்தார். பீடத்திலிருந்த திருவிருந்து அப்பத்தையும் திராட்சரசக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். உடை மாற்றும் அறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேரே பெரிய வாசலுக்குப் போனார். ஓடவில்லை, கிண்ணம் தளும்பும். ஆனால் வேகமாக நடந்தார். இரண்டு தெருவும் இருபத்திநாலு மணி ஒலித்தது. மளிகைக் கடைக்காரர் தராசை விட்டு வெளியே வந்து பார்த்தார். பின்னால் மூப்பர்கள், அதற்குப் பின்னால் பாதிச் சபை.

மைக் செட்காரர் தலையணையில் நிமிர்ந்திருந்தார். "மைக்கை அணைக்காம ஓடியிருக்கீங்க எல்லாரும். பெஞ்சு நகர்ற சத்தம்கூட கேட்டுச்சு. அப்புறம் ஜன்னல் வழியா மணி."

போதகர் அப்பமும் கிண்ணமுமாகக் கட்டிலோரம் வந்தார்.

"அங்கியைக் கொஞ்சம் தூக்கிட்டு உக்காருங்க ஐயா, மணி கட்டில்ல மாட்டிக்கும்" என்றார் மைக் செட்காரர்.

போதகர் உட்கார்ந்தார். அப்பத்தைப் பிட்டு முதலில் அவருக்குக் கொடுத்தார். பிறகுதான் எங்களுக்கு.

ஜூன் 18, செவ்வாய்

மைக் செட்காரர் மகள் ஊருக்குப் போய்விட்டார். கட்டிலோடு வண்டியில் ஏற்ற மூப்பர்கள் நால்வரில் மூன்று பேர் வந்தார்கள். நான்காமவருக்கு முதுகுவலியாம். விசாரித்தேன், உண்மைதான்.

ஜூன் 22, சனி

போன வாரத்துக் கோப்பைத் திறக்கவில்லை. வெற்றுப் பக்கத்தில் தொடங்கினேன். நோயாளிகள் மூவர். இருவரைப் போய்ப் பார்த்தேன், எழுதினேன். மூன்றாமவர் வீடு பூட்டியிருந்தது, அதையும் அப்படியே எழுதித் தாளைப் போதகரிடம் கொடுத்தேன்.

மாலையில் போதகர் போன் செய்தார். பின்னணியில் மணிச் சத்தம் இல்லை.

"எடிட்டர் ஐயா, அந்த மூணாவது ஆள் வீட்டு எண் என்ன?"

"பதினேழு" என்றேன். வைத்த பிறகு குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அவரைக் கூப்பிட்டேன். பதினேழு இல்லை. பத்தொன்பது.