தங்கச்சியின் வீடும் பின்குளத்து வாய்க்காலும்

கல்முனை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் றுஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெயிலில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நலமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. போனில் கதைத்தால் உம்மா பக்கத்தில் இருந்து இடைவெட்டுவா என்பதால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். உறுதியானதை முதலில் சொல்கிறேன். நம் பின்குளத்தில் செப்பலி மீன் செத்து மிதந்தது நஞ்சால் அல்ல, தண்ணீரில் பிராணவாயு இல்லாமல் மூச்சு முட்டித்தான். நேற்று அஸருக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்னிடம் நேரில் சொன்னார். யாரோ மருந்து ஊற்றினார்கள் என்று தெருவில் ஓடிய கதைக்கு ஆதாரம் இல்லை.

குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் குசினியில் சட்டி கழுவும் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் போகிறது என்பது உனக்குத் தெரியும். முன்பு மாரி மழையில் அந்த அழுக்கு மூலை வாய்க்காலால் வடிந்து போகும். இப்போது அந்த வாய்க்காலின் வாய் மண்ணுக்குள் கிடக்கிறது, அழுக்கு தேங்கி அழுகித்தான் மீனின் மூச்சைக் குடித்திருக்கிறது. அது நம் வீட்டு மண், மகள். தங்கச்சி ஹுஸ்னியாவின் கலியாணத்துக்கு வீடு கட்டவேண்டும் என்று உன் மீராசா மாமா சம்மாந்துறையில் இருந்து உழவு மெஷினில் ஏற்றிவந்து குளத்தோரம் கொட்டியது. நல்ல மனதோடுதான் கொட்டினார், வாய்க்காலைக் கவனிக்கவில்லை. பெண்பிள்ளைக்கு உம்மாவின் வீட்டு வளவோடு ஒட்டி வீடு கொடுப்பது நம் வழக்கம், வளவு நீளாது, குளம்தான் சுருங்கும். கரையில் எத்தனை மகள்மாருக்குக் கலியாணம் முடிந்தது என்று கேட்டால் குளம் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். மண்ணை அள்ளவேண்டும் என்று நான் சொன்னதற்கு உம்மா, "நீங்க மகளுக்கு மாப்பிள்ள பாக்கிறீங்களா, குளத்துக்குப் பாக்கிறீங்களா?" என்று கேட்டா. அன்றிலிருந்து எனக்குத் தேநீர் சீனி இல்லாமல் வருகிறது. ஹுஸ்னியாதான், "குளத்த மூடி எனக்கு வீடு வேணாம் வாப்பா, நுளம்புக் கடியில குடித்தனம் நடத்தவா கலியாணம் முடிக்கிற? றாத்தாட வீட்டுக்கு மேல ஒரு மாடி எழுப்பினாப் போதும்" என்றாள்.

அந்த றாத்தா நீ. நாங்கள் இருந்தாலும் இந்த வீடு உன் சீதனம், உன் பெயரில் இருக்கிறது. மாப்பிள்ளையின் வாப்பா சீனிமுகம்மதுவிடம் விசயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர், "மாடியெண்டா மாடிதான், படி மட்டும் வெளியால தனிய வரணும். ஆனா மூத்த மகள்ட வாயால ஓம் எண்டு வரட்டும். நாளைக்கு அவ இறங்கச் சொன்னா என்ட மகன் எங்க போற?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. இரண்டு நாளாக முற்றத்துக்கும் குளத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, மழை இருட்டுக் கட்டுகிறது. நம் குசினிக் குழாயைக் குளத்தில் இருந்து திருப்பி வளவுக்குள் உறிஞ்சு குழி வெட்டிவிட்டேன், பக்கத்து அஸீஸாவும் வந்து பார்த்துவிட்டு வெட்டுகிறா.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு தெருவார் சேர்ந்து குளத்தை மூடி மிதக்கும் ஆற்றுவாழைச் செடியை அள்ளுவதாகவும் பெக்கோ மெஷின் வைத்து வாய்க்காலைத் திறப்பதாகவும் பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். நம் மண்ணும் அன்று போகும். நீ ஓம் என்றாலும் போகும், இல்லை என்றாலும் போகும், உம்மாவிடமும் இன்று காலை இதைச் சொல்லிவிட்டேன். ஆகவே குளத்துக்காக ஓம் சொல்லாதே, எனக்காகவும் சொல்லாதே. மருமகனோடு கதைத்து, தங்கச்சி உன் தலைக்கு மேல் குடியிருப்பது உனக்கு உண்மையிலேயே சம்மதம் என்றால் மட்டும் சொல்.

பிள்ளைகளின் ஓதலை விடவேண்டாம், வெயிலில் போகும் மருமகனுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடு. அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தை இறக்கிவைப்பானாக. சீனிமுகம்மது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறார். அதற்கு முன் வரவேண்டியது உன் பதில் ஒன்றுதான்.

துஆவுடன்,
உன் வாப்பா
அதாவுல்லா