நீலச் சேலையில் இரண்டு துண்டு

அம்மிணிக்கு,

திட்டாமல் படி. உன் நீலச் சேலையைக் கிழித்துவிட்டேன்.

நீ கோபித்துக்கொண்டு சேலத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிய அடுத்த வாரம், வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன். பேச்சுத் துணைக்குத்தான். அதைக் கண்டதும் உன் பூனை பீரோ உச்சிக்கு ஏறிவிட்டது. அங்கிருந்து என்னைப் பார்த்த பார்வை அப்படியே உன் பார்வை.

மாட்டு டாக்டர், "ஒண்ணோட வாசம் இன்னொண்ணுக்குப் பழகோணுமுங்க. ஆளுக்கொரு துணியில படுக்க வெச்சு, அப்புறம் துணிய மாத்திப் போடுங்க" என்றார். வீட்டில் எத்தனையோ துணி கிடக்க, என் கை உன் சேலைக்குத்தான் போனது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அக்கா ஊட்ல இருந்தா இதக் கிழிக்கத் தைரியம் வருமாங்க?" என்றாள். இந்நேரம் உனக்கும் போன் வந்திருக்கும்.

பூனை இன்னும் இறங்கவில்லை. உன் குரல் கேட்டால்தான் இறங்கும்.

பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று, உன் மீன்குழம்பை உன் அண்ணன் முன்னால் கேலி செய்தது தப்புதான். சனிக்கிழமை நீ வருவாய் என்று, நாய்க்குட்டியோடு நம்மூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

இப்படிக்கு,
பீரோவுக்குக் கீழே கிடப்பவன்

பின்குறிப்பு: என் பொய் உன்னிடம் என்றைக்குப் பலித்தது? நாலாம் நாளே பூனை இறங்கி, இரண்டும் ஒரே காப்பிச் சாக்கில் சேர்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டன. சேலைத் துண்டு இரண்டும் என் தலையணை மேல்தான் கிடக்கின்றன.